தாம் லுவாங் குகை மீட்பு, 2018: காத்திருப்பதா, இறங்குவதா? – நிகழ்வு ஆய்வு

ஆய்வின் நோக்கம்

தாய்லாந்தின் வடகோடியில், மியான்மர் எல்லையை ஒட்டிய சியாங் ராய் மாகாணத்தில் மே சாய் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள தாம் லுவாங் குகைக்குள் 2018 ஜூன் 23 அன்று சிக்கிக்கொண்ட பன்னிரண்டு சிறுவர்களும், அவர்களுடைய கால்பந்துக் குழுவின் உதவிப் பயிற்சியாளரும் பதினெட்டாம் நாளான ஜூலை 10 மாலைக்குள் உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்டனர். உலகம் அதை அற்புதம் என்று கொண்டாடியது. கொண்டாடியதில் தவறேதும் இல்லை. ஆனால் அற்புதம் என்று சொல்லி முடித்துவிட்டால், ஜூலை 2 முதல் 7 வரையிலான ஆறு நாட்களில் அந்த மலையடிவாரத்தில் சிலர் சுமந்த ஒரு முடிவின் கனம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. குழந்தைகளில் சிலராவது இறக்கக்கூடும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள், எதை அளந்து எடுத்தார்கள், எடுத்தபின் ஆபத்தைக் குறைக்க என்ன செய்தார்கள் என்பவற்றைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

இதை எழுதுபவர் களத்தில் இருந்தவர் அல்லர். மீட்பில் பங்கேற்ற முக்குளிப்பு வீரர்களும் மருத்துவர்களும் அதிகாரிகளும் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவற்றையே இது அடிப்படையாகக் கொள்கிறது. எவருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை. ஒவ்வொருவரும் எந்தப் பொறுப்பில் நின்றார் என்பது தெரிந்தால் போதும்.

பின்னணி

படுத்திருக்கும் பெண்ணைப் போன்ற தோற்றம் கொண்ட ஒரு சுண்ணாம்புக்கல் மலைக்குள் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் குகை கிளைத்துச் செல்கிறது. வறண்ட மாதங்களில் அதற்குள் நெடுந்தொலைவு நடந்தே போகலாம். மழைக்காலத்தில் மலையின் வெடிப்புகள் வழியாகக் கசியும் நீரும் ஓடைகளின் நீரும் உள்ளே இறங்கி, தாழ்வான இடங்களைக் கூரைவரை நிரப்பிவிடும். ஜூலை முதல் நவம்பர் வரை உள்ளே செல்வது ஆபத்து என்று வாயிலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. சிறுவர்கள் போனது ஜூன் 23. பலகையின் கணக்குப்படி இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருந்தது. இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். இந்தத் தேதியை நினைவில் வைத்தால் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாக வீசிவிட முடியாது.

அன்று சனிக்கிழமை. பயிற்சி முடிந்ததும் 11 முதல் 16 வயது வரையிலான அந்தச் சிறுவர்கள் 25 வயதான உதவிப் பயிற்சியாளருடன் மிதிவண்டிகளில் குகைக்குச் சென்றனர். சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதே எண்ணம். வெளியே மழை பெய்தது. திரும்பும் வழியை நீர் அடைத்துவிட்டதால் அவர்கள் மேலும் உள்ளே போக வேண்டியதாயிற்று. இரவாகியும் பிள்ளைகள் வீடு திரும்பாததால் பெற்றோர்கள் தேடத் தொடங்கினர். குகை வாயிலில் மிதிவண்டிகள் நின்றன.

தேடிய நாட்கள்: ஜூன் 24 முதல் ஜூலை 2 வரை

கடற்படையின் சிறப்பு அணி ஜூன் 25 அன்று வந்து சேர்ந்தது. அவர்கள் கடலில் மூழ்கப் பழகியவர்கள். கடலில் ஏதேனும் தவறினால் மேலே வந்துவிடலாம், குகையில் மேலே பாறைதான் இருக்கும். சேறு கலந்த நீரில் தன் கையே தனக்குத் தெரியாது; எதிரோட்டம் தள்ளும்; குறுகலான இடங்களில் முதுகில் கட்டிய காற்று உருளையே தடையாகும். அந்த அணியின் துணிவில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் அவர்களிடம் இருந்த திறன் வேறு, அந்த இடம் கேட்ட திறன் வேறு.

அந்தத் திறன் உடையவர்கள் யார் என்பதை அருகிலேயே வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ் குகை ஆர்வலர் அறிந்திருந்தார். பல ஆண்டுகளாக அந்தக் குகையை அளந்து வரைபடமாக்கியதில் பங்கு கொண்டவர் அவர். அவர் சொன்னதன் பேரில் பிரிட்டனிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் ஜூன் 27 அன்று வந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். இன்னொருவர் கணினித் துறையில் பணிபுரிபவர். இருவருக்கும் குகை முக்குளிப்பு ஒரு பொழுதுபோக்கு மட்டுமே, ஆனாலும் அந்தப் பொழுதுபோக்கில் உலகின் தலைசிறந்தவர்கள் அவர்கள். சீருடையும் பதவியும் இல்லாத அவர்களின் சொல்லுக்குக் களத்தில் உரிய மதிப்புக் கிடைக்கச் சில நாட்கள் ஆயின.

ஒருபுறம் தேடலும், மறுபுறம் நீரை இறைக்கும் பணியும் நடந்தன. பம்புகள் இரவுபகலாக ஓடின. இந்தியாவின் பம்பு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த பொறியாளர்களும் அதில் ஈடுபட்டனர். மலைமேல் ஓடைகளை அணைகட்டித் திருப்பிவிட்டார்கள். முடிவில் இறைக்கப்பட்ட நீரின் அளவு 100 கோடி லிட்டரைத் தாண்டியது. அந்த நீர் கீழே இருந்த வயல்களுக்குள் பாய்ந்து நெற்பயிர்களை மூழ்கடித்தது. வயலை இழந்த விவசாயிகளில் பலர் இழப்பீடே வேண்டாம், பிள்ளைகள் வெளியே வந்தால் போதும் என்று சொன்னார்கள். குகைக்குள் நடந்ததைப் பற்றி எழுதுவோர் இவர்களைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நீர்மட்டம் இறங்காமல் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது என்பதால், அந்த இழப்பும் மீட்பின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர வேண்டும்.

இந்த நாட்களில் நிகழ்ந்த, அப்போது சிறியதாகத் தோன்றிய ஒன்று பின்னால் பெரிய முடிவைத் தீர்மானித்தது. திடீரென உயர்ந்த நீரால் நீரிறைக்கும் தொழிலாளர்கள் நால்வர் குகையின் மூன்றாம் அறையில் மாட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் அங்கே இருப்பதே வெளியே தெரியவில்லை. உள்ளே போன பிரிட்டிஷ் வீரர்கள் அவர்களைத் தற்செயலாகக் கண்டு, ஒவ்வொருவராக நீருக்கடியில் வெளியே கொண்டுவந்தனர். கடந்த தூரம் மிகக் குறைவு. ஆயினும் வளர்ந்த ஆண்களான அவர்கள் நீருக்குள் பீதியில் திமிறி, தங்களைக் காப்பாற்ற வந்தவர்களோடு மல்லுக்கட்டினார்கள். வளர்ந்தவர்களே இப்படியென்றால், முக்குளிப்பு அறியாத பிள்ளைகள் இருந்த அந்தக் கூட்டத்தை நினைவோடு மணிக்கணக்கில் நீருக்கடியில் அழைத்து வருவது எப்படி முடியும் என்ற கேள்வி அப்போதே அந்த வீரர்களின் மனத்தில் விழுந்தது.

ஜூலை 2 இரவு, வாயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே ஒரு சரிவான மேட்டில் பதின்மூன்று பேரும் உயிருடன் இருப்பதை அதே இரு வீரர்கள் கண்டார்கள். பாறையிலிருந்து சொட்டிய நீரைக் குடித்தே அவர்கள் பத்து நாட்களைக் கழித்திருந்தனர். முன்பு புத்தத் துறவு மடத்தில் வளர்ந்த உதவிப் பயிற்சியாளர், பிள்ளைகளைத் தியானத்தில் அமர்த்தி, அலைந்து வலுவிழக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்த பின்: ஜூலை 3 முதல் 6 வரை

வெளியே மக்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். உள்ளே போய்த் திரும்பிய இருவருக்கும் அந்த மகிழ்ச்சியில் முழுதாகக் கலந்துகொள்ள முடியவில்லை. தாங்கள் வந்த வழியில் பிள்ளைகள் வர முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓர் இராணுவ மருத்துவரும் கடற்படை அணியினர் மூவரும் உள்ளே சென்று, பிள்ளைகளோடு கடைசிவரை அங்கேயே தங்கினார்கள். உணவு, மருந்து, வெப்பம் காக்கும் போர்வைகள் எல்லாம் முக்குளிப்பு வீரர்கள் வழியாகவே போயின. கடிதங்களும் போய்வந்தன. உதவிப் பயிற்சியாளர் பெற்றோர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று பெற்றோர்கள் பதில் எழுதினார்கள். யாரைக் குற்றம் சொல்வது என்ற பேச்சு களத்தில் தலைதூக்காமல் போனதற்கு அந்தப் பதில் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். முடிவெடுக்க வேண்டியவர்களின் நேரத்தைப் பழிபோடும் பேச்சு தின்றுவிடும் களங்கள் எத்தனையோ உண்டு.

அப்போது பேசப்பட்ட வழிகள் நான்கு. மேலிருந்து துளையிட்டு இறங்குவது முதலாவது. நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் இருந்த இடத்துக்கு நேர் மேலே எந்தப் புள்ளி என்பதே உறுதியில்லை. மலைமேல் வேறு நுழைவு வழியைத் தேடுவது இரண்டாவது. காடெங்கும் தேடினார்கள், பயனுள்ள எதுவும் கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிந்து நீர் வடியும்வரை ஏறத்தாழ நான்கு மாதம் உள்ளேயே வைத்துப் பராமரிப்பது மூன்றாவது. நீருக்கடியில் வெளியே கொண்டுவருவது நான்காவது.

மூன்றாவது வழியே முதலில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இது இயல்புதான். பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், மருத்துவர் உடன் இருக்கிறார், உணவு போகிறது. இந்த நிலையில் யாரும் இறக்கவில்லை. இதைக் கலைத்து, ஒரு பிள்ளையை நீருக்குள் இறக்கி, அந்தப் பிள்ளை இறந்துவிட்டால் அந்தச் சாவு இறக்கியவரின் கையில் நிகழ்ந்ததாகிவிடும். சும்மா இருந்து அதே பிள்ளை ஆகஸ்டில் நோயாலோ வெள்ளத்தாலோ இறந்தால் அது இயற்கையின் கணக்கில் எழுதப்படும். மனித மனம் இந்த இரண்டு சாவுகளையும் ஒரே தராசில் வைப்பதில்லை. மே சாயில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

பிறகு, காத்திருப்பதன் விலை ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. உள்ளே காற்றில் ஆக்சிஜன் அளவு 15 விழுக்காடாகக் குறைந்திருப்பதாக அளவிடப்பட்டது. வழக்கமான அளவு 21 விழுக்காடு. ஜூலை 10-ஐ ஒட்டிப் பெருமழை வரும் என்று வானிலைக் கணிப்பு சொன்னது. அப்படி வந்தால் அவர்கள் இருந்த மேட்டில் வறண்ட இடம் 10 சதுர மீட்டராகச் சுருங்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மொத்தம் பதினேழு பேர். ஆளுக்கு ஒரு வேளை உணவு என்று வைத்துக்கொண்டாலும், நான்கு மாதத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் நீருக்கடியில் போயாக வேண்டும். பெருமழை தொடங்கிய பின் எந்த வீரரும் உள்ளே போக முடியாது என்பதால் அவ்வளவையும் சில நாட்களுக்குள் சேர்த்துவிடவும் வேண்டும்.

ஜூலை 6 அதிகாலையில், காற்று உருளைகளை வழியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் நீருக்கடியில் நினைவிழந்து இறந்தார். அவர் பணி ஓய்வு பெற்றவர்; தன்னார்வத்தோடு வந்தவர். பிள்ளைகளை வெளியே கொண்டுவரும் முயற்சி அப்போது தொடங்கவே இல்லை. காத்திருந்த காலத்தில், அவர்களை உயிரோடு வைத்திருப்பதற்கான வழக்கமான பணியில் நிகழ்ந்த சாவு இது. நான்கு மாதக் காத்திருப்பு என்றால் இதே பயணங்கள் நூற்றுக்கணக்கில் தொடரும். காத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியவில்லை.

முடிவு

பிரிட்டிஷ் வீரர்களும், அவர்களோடு நெருங்கிப் பணியாற்றிய அமெரிக்க வான்படை மீட்புக் குழுவினரும் தாய்லாந்து அதிகாரிகளிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார்கள். நீருக்கடியில் கொண்டுவந்தால் சிலர் இறக்கக்கூடும். காத்திருந்தால் அனைவருமே இறக்கக்கூடும் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். வெற்றி உறுதி என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. களப்பொறுப்பில் இருந்த மாகாண ஆளுநர் பொறியியல் படித்தவர். வாக்குறுதியை விடக் கணக்கை நம்பும் பழக்கம் உடையவர். மேலிடத்து ஒப்புதலோடு நான்காம் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆனால் அந்த வழியின் நடுவே ஒரு பெரும் பள்ளம் இருந்தது. நினைவோடு இருக்கும் பிள்ளை பீதியடையும். பீதியடைந்தால் முகக்கவசத்தைப் பிடுங்கும். பிள்ளையும் இறக்கும், கொண்டுவரும் வீரரும் இறக்கலாம். ஆகவே பிள்ளைகளை முழுமையாக மயக்கத்தில் ஆழ்த்திப் பொதிகளைப் போலக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டிஷ் வீரர்களிடம் எழுந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு மயக்கவியல் மருத்துவர் தேர்ந்த குகை முக்குளிப்பாளராகவும் இருந்தார். அவரிடம் கேட்டபோது முடியாது என்றே முதலில் சொன்னார்.

அவர் மறுத்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. மயக்கத்தில் இருப்பவரின் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்கலாம். எச்சிலோ வாந்தியோ முகக்கவசத்துக்குள் நிறைந்து மூச்சுத் திணறச் செய்யலாம். கவசம் சற்றே விலகி நீர் புகுந்தால், விழித்திருப்பவர் உதறிக்கொள்வார். மயங்கியவர் அப்படியே மூழ்குவார். உடல் குளிர்ந்துவிடும். மருத்துவமனையில் மயங்கிய நோயாளியை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது என்பது அவருடைய தொழிலின் முதல் விதி. இங்கோ மருந்தைச் செலுத்தியபின் அந்தப் பிள்ளையை, மருத்துவம் படிக்காத ஒரு வீரரின் கையில் கொடுத்து இருட்டுக்குள் அனுப்ப வேண்டும். பிள்ளை மூச்சுவிடுகிறது என்பதற்கு வழியெங்கும் அந்த வீரருக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் நீரில் எழும் குமிழிகள்தான்.

மருத்துவர் ஜூலை 7 அன்று தானே உள்ளே சென்று பிள்ளைகளைப் பார்த்தார். பின்னர் ஒப்புக்கொண்டார். மயக்க மருந்தின் ஆபத்து அவர் அறிந்த அளவிலிருந்து ஒரு துளியும் குறையவில்லை. பாதுகாப்பான மருத்துவமனை அறையோடு அதை ஒப்பிடுவதை மட்டுமே அவர் விட்டுவிட்டார். ஒப்பிட வேண்டியது அந்த மேட்டின் மீது மெதுவாக நிகழப்போகும் சாவோடு என்று ஆனபின், அதே ஆபத்து ஏற்கத்தக்கதாயிற்று. திட்டம் வெற்றி பெறும் என்று அப்போதும் அவர் நம்பவில்லை என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளில் ஒருவர் இறந்தால் மருத்துவரும், அவருடன் வந்த இன்னொரு ஆஸ்திரேலிய முக்குளிப்பாளரும் வழக்கில் சிக்காதபடி இரு நாட்டு அரசுகளுக்கிடையே சட்டப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. இதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு இது இந்த நிகழ்வின் மிக நேர்மையான செயல்களில் ஒன்றாகத் தெரிகிறது. செயல்பட்டுத் தோற்பவரைத் தண்டித்து, கைகட்டி நிற்பவரை விட்டுவிடும் அமைப்பில் எந்த மருத்துவரும் ஊசியை எடுக்கமாட்டார். தோல்வியின் பொறுப்பை ஒரு தனிமனிதரின் தலையில் விடாமல் அரசு தன் மேல் ஏற்றுக்கொண்ட பிறகே அந்த ஊசி போடப்பட்டது.

ஆபத்தைக் குறைக்கச் செய்தவை

துணிந்து இறங்குவது என்று முடிவாகிய பின் கிடைத்த ஓரிரு நாட்கள் ஒத்திகையில் கழிந்தன. உள்ளூர்ப் பள்ளியின் நீச்சல் குளத்தில், அதே உடல் அளவுள்ள உள்ளூர்ச் சிறுவர்களைக் கொண்டு கவசம் பொருந்துகிறதா, உடல் நீரில் எப்படி மிதக்கிறது, எங்கே பிடித்தால் எளிதாகக் கொண்டுபோகலாம் என்று பார்த்தார்கள். மேலும் வாகன நிறுத்தும் இடத்தில் கயிறுகளாலும் நீர்ப் புட்டிகளாலும் குகையின் அமைப்பைத் தரையில் உருவாக்கி, ஒவ்வோர் அறையிலும் யார் நிற்பார், எதை யாரிடம் கொடுப்பார் என்று நடந்து பார்த்தார்கள். எத்தனை உருளைகள் எங்கே வைக்கப்பட வேண்டும் என்பது இப்படித்தான் தெளிவாயிற்று.

மருந்துத் தேர்வும் இதே கவனத்தோடு நடந்தது. பதற்றம் தணிக்க முதலில் ஒரு மாத்திரை. தசைக்குள் ஊசியாகக் கெட்டமைன். எச்சில் சுரப்பதைக் குறைக்க அட்ரோபின். மூச்சை அடக்காமல் மயக்கத்தைத் தருவதிலும், பேரிடர்க் களங்களில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வந்ததிலும் கெட்டமைனுக்குச் சிறப்பு உண்டு. ஆனால் அதன் விளைவு பயண நேரம் முழுவதற்கும் போதாது. எனவே மருந்து நிரப்பிய ஊசிகளை வீரர்களிடம் கொடுத்து, பிள்ளை அசையத் தொடங்கினால் தொடையில் எப்படிப் போடுவது என்று மருத்துவர் கற்றுக்கொடுத்தார்.

கைகளைப் பின்னால் கட்டவும் முடிவு செய்தார்கள். நடுவழியில் விழிப்பு வந்து கவசத்தைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. செய்தவர்களுக்கும் பதறியது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுவர முயலவில்லை என்பது இன்னொரு முக்கியமான அம்சம். பொருத்தமான முழுமுகக் கவசங்கள் மிகச் சிலவே இருந்தன. உருளைகளை மீண்டும் நிரப்ப நேரமும் வேண்டியிருந்தது. அந்தப் பற்றாக்குறையே நன்மையாகவும் அமைந்தது. நாளுக்கு நான்கு பேர் என்று பிரித்ததால், முதல் நாளில் தவறு நேர்ந்தால் மீதமுள்ளவர்களுக்காகத் திட்டத்தை மாற்ற இடம் இருந்தது.

நிகழ்ந்தவை: ஜூலை 8, 9, 10

ஜூலை 8 காலை பத்து மணியளவில் பதின்மூன்று வெளிநாட்டு வீரர்களும் ஐந்து தாய்லாந்து வீரர்களும் உள்ளே சென்றனர். யார் முதலில் வருவது என்பது உள்ளேயே முடிவாயிற்று. குகையிலிருந்து வெகுதொலைவில் வீடு உள்ளவர்கள் முதலில் போகட்டும், மிதிவண்டியில் வீடு சேர அவர்களுக்கே அதிக நேரமாகும் என்று நினைத்ததாகப் பயிற்சியாளர் பின்னர் சொன்னார். வெளியே உலகமே காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக மேட்டிலிருந்து நீர் விளிம்புக்கு இறங்கி வந்து, மருத்துவரின் மடியில் அமர்ந்து, ஊசி போட்டுக்கொண்டு உறங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வீரர் என்ற முறையில் அவர்களை மார்போடு அணைத்தோ பக்கவாட்டில் பிடித்தோ, வழிகாட்டிக் கயிற்றைத் தடவிக்கொண்டே கொண்டுவந்தார்கள். நீரில்லாத இடங்களில் மற்ற வீரர்கள் காத்திருந்து தூக்கிக் கடத்தினார்கள். மூன்றாம் அறைக்கு வந்தபின் ஸ்ட்ரெச்சரில் வைத்து, பாறைகளுக்கு மேலே கயிறுகளில் தொங்கவிட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைமாற்றியும் வாயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று மாலை 5.40 மணிக்கு முதல் சிறுவர் வெளியே வந்தார். இரவுக்குள் நால்வர் வந்துவிட்டார்கள்.

மறுநாள் மேலும் நால்வர். முதல் நாளில் சுமார் 11 மணி நேரம் எடுத்த பணி இரண்டாம் நாளில் 9 மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் எஞ்சிய நான்கு சிறுவர்களும் பயிற்சியாளரும் வந்தார்கள்.

எல்லாம் சீராக நடந்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு பயணத்தில், இருட்டுக்குள் ஒரு வீரரின் கை வழிகாட்டிக் கயிற்றிலிருந்து விலகிவிட்டது. கையில் மயங்கிய பிள்ளை. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. அவர் பதறி ஓடாமல், கைக்குப் பட்ட ஒரு மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு முந்தைய அறைக்கே திரும்பினார். பின்னால் வந்தவர்கள் உதவ, பிள்ளை வேறொருவர் கைக்கு மாறியது. மிகச் சிறிய உருவமுடைய ஒரு சிறுவருக்குக் கவசம் பொருந்தாமல் மாற்றுக் கவசம் தேட வேண்டியிருந்தது.

கடைசியாக, உள்ளே தங்கியிருந்த மருத்துவரும் மூன்று வீரர்களும் வெளியேறி வந்துகொண்டிருந்த நேரத்தை ஒட்டி முதன்மைப் பம்பு பழுதாகி, மூன்றாம் அறைப் பகுதியில் நீர் வேகமாக ஏறியது. உள்ளே பணியில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் கருவிகளை விட்டுவிட்டு விரைந்து வெளியேறினார்கள். அடுத்த நாட்களில் குகை முழுவதும் நீரில் மூழ்கியது.

விளைவு

பதின்மூன்று பேரும் சியாங் ராய் மருத்துவமனையில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டனர். உடல் எடை சராசரியாக 2 கிலோ குறைந்திருந்தது. சிலருக்கு லேசான நுரையீரல் தொற்று இருந்தது. ஜூலை 18 அன்று எல்லோரும் வீடு திரும்பினார்கள். இறந்த வீரரைப் பற்றி உடல் தேறிய பின்னரே அவர்களிடம் சொன்னார்கள். அவர்கள் அழுதார்கள், அவருடைய உருவப்படத்தில் நன்றி எழுதி வைத்தார்கள். சிறுவர்களில் பதினொருவர் அவருக்காகச் சில நாட்கள் துறவு பூண்டார்கள், பயிற்சியாளரும் பிக்குவானார். எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமலிருந்த பயிற்சியாளருக்கும் மூன்று சிறுவர்களுக்கும் அந்த ஆகஸ்டில் தாய்லாந்துக் குடியுரிமை வழங்கப்பட்டது.

மீட்புப் பணியின்போது தொற்றிய இரத்தக் கிருமியால் நீண்ட நாள் அவதிப்பட்ட மற்றொரு கடற்படை வீரர் 2019 டிசம்பரில் இறந்தார். அற்புதம் என்று சொல்லும்போது இந்த இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடிவைப் பற்றிய மதிப்பீடு

பதின்மூன்று பேரும் பிழைத்ததால்தான் இந்த முடிவு சரியானதா? நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று பிள்ளைகள் இறந்திருந்தாலும் அதே முடிவு சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அதை எடுத்தவர்களை உலகம் வேறு விதமாகப் பேசியிருக்கும். முடிவு எடுக்கப்பட்ட வேளையில் கையில் இருந்தவை ஆக்சிஜன் அளவு, மழைக் கணிப்பு, உணவுக் கணக்கு, ஒரு வீரரின் சாவு, நான்கு தொழிலாளர்களின் பீதி ஆகியவையே. அவற்றை வைத்துப் பார்த்தால் வேறு வழி எதுவும் அதைவிடக் குறைந்த சாவுகளை நியாயமாக எதிர்பார்க்க இடம் தரவில்லை. பம்பு பழுதானது ஒரு நாள் முன்னதாக நேர்ந்திருந்தால் விளைவு வேறாகியிருக்கும். முடிவின் தரம் மாறியிருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. துணிவு மட்டும் போதும் என்றால், ஜூலை 3 அன்றே பிள்ளைகளுக்குக் கவசம் மாட்டி இறக்கியிருக்கலாம். அப்படிச் செய்யச் சொன்ன குரல்களும் இருந்தன. அன்று இறக்கியிருந்தால் அது பொறுப்பற்ற செயலாகியிருக்கும். ஏனெனில் மயக்கவியல் மருத்துவரும் இல்லை, ஒத்திகையும் இல்லை, நீர்மட்டமும் இறங்கவில்லை. ஐந்து நாள் தாமதம் பயனுள்ள வேலையால் நிரம்பியிருந்தது. நான்கு மாதத் தாமதத்தை நிரப்ப நம்பிக்கையைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது.

மறுமுறை மாற்ற வேண்டியவை

குகை முக்குளிப்பு அறிந்தவர்கள் வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. அந்தக் குகையை நன்கறிந்த ஒருவர் பக்கத்திலேயே வாழ்ந்தும் அவர் சொல் உரிய இடத்தை எட்டத் தாமதமாயிற்று. எந்த மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் இருக்கும் குகை, கிணறு, சுரங்கம், அணை ஆகியவற்றை உள்ளும் புறமும் அறிந்த குடிமக்களின் பட்டியலை முன்கூட்டியே வைத்திருப்பது கடினமான காரியமன்று.

பிள்ளைகளுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து தரப்பட்டதாகவே அப்போது பொதுவெளியில் சொல்லப்பட்டது. முழு மயக்கம் என்பது பின்னரே வெளிவந்தது. அந்த நாட்களின் பரபரப்பில் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும், மீட்பு முடிந்த மறுநாளே முழு உண்மையையும் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. இன்னொரு நாட்டில் இதே நிலையில் நிற்கப்போகும் மருத்துவருக்கு அந்த விவரமே துணை.

வாயிலில் வைத்த பலகை மாதத்தைச் சொன்னது. மழை மாதம் பார்த்து வருவதில்லை. உள்ளே செல்பவர்களின் பெயரையும் நேரத்தையும் பதிவு செய்யும் ஆளோ, மழை தொடங்கியதும் பூட்டக்கூடிய கதவோ இருந்திருந்தால் ஜூன் 23 மாலையிலேயே கதை முடிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துணைப்பணியில் இருந்தவர்களைப் பற்றிய திட்டம். பிள்ளைகளைக் கொண்டுவரும் பயணத்துக்கு ஒத்திகையும், அறைக்கு அறை காற்று உருளைக் கணக்கும், மாற்று வீரர்களும் இருந்தனர். அதற்கு முந்தைய நாட்களில் உருளை சுமந்து போய்வந்தவர்களின் பயணங்களுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்: எத்தனை மணி நேர ஓய்வுக்குப்பின் மீண்டும் இறங்கலாம், எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்போது திரும்பியே ஆக வேண்டும், வெளியே வந்தபின் எத்தனை வாரம் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மீட்பில் உயிரிழந்த இருவரும் துணைப்பணி செய்த வீரர்கள்.